கடன் வாங்கும் முன் கணக்குப் பார்ப்போம்: நெய்வேலிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருமணம், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், வீடு என்று ஏதாவது ஒரு தேவைக்காகக் கடன் வாங்காத குடும்பம் நம்மில் குறைவு. மார்க்கம் கடனைத் தடுக்கவில்லை. வட்டியைத்தான் தடுத்திருக்கிறது (அல்குர்ஆன் 2:275). ஆனால் அவசரம் வரும்போது "எங்கே கிடைக்கும்?" என்று மட்டுமே கேட்கிறோம். "மொத்தம் எவ்வளவு திருப்பிக் கொடுப்போம்? எந்த வருமானத்திலிருந்து கொடுப்போம்?" என்று கேட்பதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. நாம் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் என்.எல்.சி. நிறுவனத்துக்குச் சொந்தமானது. பணி ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பழைய கடன்களை அடைக்கவே பணிக்கொடையும் பி.எஃப். பணமும் போய்விட்டால், ஓய்வுக்குப் பின் வாடகை வீடுதான். ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இன்னும் சிரமம். வங்கி கேட்கும் சம்பளச் சான்றும் ஜாமீனும் இல்லாதபோது தண்டல்காரரே கதி என்றாகிவிடுகிறது.

நம் நாட்டில் வட்டியில்லா வங்கி இல்லை. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது. அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்திருப்பது 2017இல் தெரியவந்தது. எனவே இருக்கும் வழிகளை நாமே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வட்டிக் கடனின் உண்மையான விலை

தண்டல்: 10,000 ரூபாய் கடன் என்று எழுதி 9,000 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம்தானே" என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் இது 75 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி.

மாத வட்டி: "மூன்று வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்; ஆண்டுக்கு 36 சதவீதம்.

ஃப்ளாட் வட்டி: ஒரு லட்சத்துக்கு 12 சதவீத ஃப்ளாட் வட்டியில் இரண்டு ஆண்டுத் தவணை என்றால் வட்டி 24,000 ரூபாய். அசலில் பாதியைக் கட்டிய பிறகும் முழு அசலுக்கே வட்டி போடுவதால், குறையும் நிலுவைக் கணக்கில் இது சுமார் 21.5 சதவீதம்.

வீட்டுக் கடன்: 20 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 18,000. கட்டி முடிக்கும்போது கொடுத்தது 43 லட்சத்துக்கு மேல். 45 வயதில் வாங்கினால் தவணை 65 வயது வரை, அதாவது ஓய்வுக்குப் பிறகும் தொடரும்.

நகைக் கடன்: அடமானம் வைப்பது மார்க்கத்தில் கூடும், நபி (ஸல்) அவர்களே வாற்கோதுமைக்காகத் தம் கவசத்தை அடமானம் வைத்திருக்கிறார்கள். அதன் மீது வாங்கும் வட்டிதான் கூடாது. ஆண்டுதோறும் வட்டி கட்டித் திருப்பி வைத்து, கடைசியில் நகை ஏலத்துக்குப் போவது நாம் அடிக்கடி காண்பதுதான்.

2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்குக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை, நமக்குப் புரியும் மொழியில், ஒரு விவர அறிக்கையாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஏற்கெனவே கடன் உள்ளவர்களும் தங்கள் ஒப்பந்தத்தில் எது ஃப்ளாட், எது குறையும் நிலுவை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வட்டியில்லாத வழிகள்

1. சொந்தப் பொருள்: நகையை விற்றால் செய்கூலியும் சேதாரமும் போகும். ஆனால் இழப்பு அத்தோடு முடிந்துவிடும். அடகு வட்டி போல் வளராது. பி.எஃப். கணக்கில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தத் தேவையின்றி எடுக்கலாம். அதை வீட்டுக்கென்று விட்டுவைப்பது நல்லது.

2. அழகிய கடன் (கர்ழ் ஹஸனா): மச்சான், மாமா என்றாலும் எழுதி, சாட்சி வைத்து, தவணை தேதி குறித்து வாங்க வேண்டும் (அல்குர்ஆன் 2:282). உறவுகள் முறிவது பெரும்பாலும் எழுதாத கடனால்தான்.

3. பைத்துல்மால்: அதிராம்பட்டினத்தில் அதிரை பைத்துல்மால் வட்டியில்லாக் கடன் தருகிறது. டவுன்ஷிப், மந்தாரக்குப்பம், வடலூர் ஜமாஅத்துகளும் சேர்ந்து சிறு தொகையில் தொடங்கினால், தண்டலுக்குப் போகும் 10,000, 20,000 ரூபாய்த் தேவைகளை அதிலேயே சமாளிக்கலாம்.

4. குலுக்கல் சீட்டு: பத்துப் பேர் மாதம் 5,000 போட்டு, கழிவு எதுவுமின்றி ஒருவர் 50,000 எடுப்பதை ஆலிம்கள் பலர் ஆகுமானதாகக் கருதுகிறார்கள். ஏலச் சீட்டு அப்படியல்ல. மிகவும் தேவைப்படுபவரே தள்ளி எடுத்து நஷ்டப்படுகிறார்.

5. தவணை விற்பனை: மொத்த விலையை முதலிலேயே நிர்ணயித்து, தாமதமானாலும் கூடுதல் தொகை இல்லை என்று எழுதிக்கொண்டு பொருளையோ மனையையோ தவணையில் வாங்கலாம்.

எதற்கு எது?

மருத்துவம் போன்ற அவசரத்துக்கு முதலில் நகை விற்பனை, அழகிய கடன், பைத்துல்மால். கல்லூரிக் கட்டணத்துக்கு முன்கூட்டியே போட்ட குலுக்கல் சீட்டு. திருமணத்துக்குக் கடனைத் தேடுவதை விடச் செலவைக் குறைப்பதே சரி; ஒரு நாள் விருந்துக்காக ஐந்து ஆண்டு தவணை கட்ட வேண்டியதில்லை.

வீட்டுக்கு, பணியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே மனையை வாங்கிப்போட்டு, கையில் பணம் சேரச் சேரக் கட்டுவதே வட்டியில்லாத பாதை. நெய்வேலியைச் சுற்றிச் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கப்படுவதால், அந்த சர்வே எண் எடுப்பில் வருகிறதா, மனைக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பின்பே முன்பணம் கொடுங்கள். வங்கிக் கடனைத் தவிர வேறு வழியே இல்லை என்று தோன்றினால், கையெழுத்துக்கு முன் நம்பிக்கையான ஆலிமிடம் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால்

வெட்கப்பட்டு மறைத்தால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்க நேரிடும். ஜமாஅத்திடம் சொல்லுங்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு (அல்குர்ஆன் 9:60). கந்து வட்டிக்காரர் மிரட்டினால், 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி அது 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கடன் கொடுத்தவர் நாமாக இருந்தால், சிரமப்படுபவருக்கு அவகாசம் தருவது நம் கடமை (அல்குர்ஆன் 2:280).

கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் தீங்கிலிருந்தும் அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக!