சுவர் சும்மா நிக்கல மக்கா!

'தீ பிடிச்சா என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்டா டக்குனு பதில் சொல்வீங்க. 101-க்கு போன், சிவப்பு சிலிண்டர், வாளி மணல். கரெக்ட்! ஆனா இது எல்லாத்துக்கும் முழிச்சிருக்கிற ஒரு ஆள் வேணும். ராத்திரி 2 மணிக்கு, கரன்ட்டும் போய், ஹாஸ்டலே குறட்டை விடும்போது? அப்பவும் டியூட்டி பார்க்கிறவர் ஒருத்தர் உண்டு. உங்க ரூம் சுவர்!

சுவர், தரை, கதவு, படிக்கட்டு... பட்டன் அமுக்காமலேயே தீயைத் தடுக்கிற விஷயங்கள் இவை. தீயை அணைக்கிறது இவங்க வேலை இல்ல. பிடிச்ச இடத்திலேயே அதைக் கட்டிப்போட்டு, நீங்க இறங்கி ஓட நேரம் வாங்கித் தர்றதுதான் வேலை. தீத்தடுப்புக் கதவுக்கு அரை மணி, ஒரு மணி, 2 மணி நேரம்னு தரம் போடுறதும் இதுக்குத்தான்.

தூண்ல கம்பியை மூடியிருக்கிற கான்கிரீட்டும் அப்படித்தான். 550 - 600 டிகிரி சூட்டில இரும்பு தன் பலத்துல ஏறக்குறைய பாதியை இழந்திடும். அந்தச் சூடு கம்பிக்குப் போய்ச் சேர்றதை கான்கிரீட் தாமதப்படுத்தும். ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. 2017 மே 31-ல சென்னை தி.நகர் சென்னை சில்க்ஸ்ல பிடிச்ச தீ ஒரு நாளுக்கும் மேல எரிஞ்சது. ஏழு மாடிக் கட்டடத்தில ஒரு பகுதி இடிஞ்சு விழ, மிச்சத்தையும் இடிக்க வேண்டியதாச்சு.

'நம்ம ஆழ்வார்குறிச்சியில ஏது ஏழு மாடி?'ன்னு சிரிக்காதீங்க. கும்பகோணம் பள்ளிக்கூடம் ஒண்ணும் வானத்தைத் தொடுற கட்டடம் இல்ல. 2004 ஜூலை 16-ல சமையல்கூடத்தில பிடிச்ச தீ, வகுப்புக்கு மேல இருந்த ஓலைக்கூரைக்குத் தாவிடுச்சு. இறங்க குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைங்க. நடுவில தீயைத் தடுக்க ஒண்ணுமே இல்ல, அதுதான் கொடுமை.

நம்ம ஊர்ப் பக்கம் பழைய தெருக்கள்ல ஒட்டி ஒட்டி நிக்கிற வீடுகளைப் பாருங்க. நடுவில தடிமனா பொதுச்சுவர் இருக்கும். அது ஓட்டுக்கு மேல வரை எழும்பியிருந்தா, பக்கத்து வீட்டுத் தீ உங்க உத்தரத்துக்கு வர்றது கஷ்டம். ஓட்டுக்குக் கீழேயே நின்னுட்டா, தீக்கு அந்தச் சந்து போதும்.

தீயை விட மோசமான ஆசாமி புகை. 2011 டிசம்பர் 9, கொல்கத்தா ஆம்ரி ஆஸ்பத்திரி. தீ பிடிச்சது அடித்தளத்தில. ஆனா புகை மேல்மாடிகளுக்கு ஏறிடுச்சு. 90 பேருக்கு மேல இறந்தாங்க, பெரும்பாலும் மூச்சுத் திணறி!

இப்ப உங்க பில்டிங்குக்கு வாங்க. நெட் கேபிள் இழுக்க சுவர்ல ஓட்டை போட்டாங்களே, அதை யாராவது அடைச்சாங்களா? கேபிள் போக விரலளவு இடம் போதும், போட்டிருக்கிறது கையளவு. சூடு பட்டா உப்பி ஓட்டையை மூடுற பூச்சு மார்க்கெட்ல கிடைக்குது. தானா மூடிக்கிற கதவுக்குக் காத்து வரட்டும்னு செங்கல் முட்டுக் கொடுத்திருக்கா? அந்த ஒரு செங்கல், 2 மணி நேரக் கதவை வெறும் நிலையாக்கிடும். படிக்கட்டுக்கு அடியில உடைஞ்ச பெஞ்சும் பழைய பேப்பரும் குவிஞ்சிருக்கா? ஓடி வர்ற வழியிலேயே விறகு அடுக்கின மாதிரிதான்.

தீயணைப்பு வண்டி எந்த ஊர்ல இருந்து கிளம்பினாலும், வந்து சேர நேரம் ஆகும். அந்த நேரத்தை உங்களுக்குத் தர்றது சுவரும் கதவும்தான்.

ஸோ, இன்னிக்கு சாயங்காலம் டீக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி பிரெண்ட்ஸோட பில்டிங்கை ஒரு சுத்து சுத்துங்க. ஓட்டை, முட்டுக் கொடுத்த கதவு, அடைஞ்ச படிக்கட்டு... மூணையும் நோட்ல குறிச்சு வார்டன்கிட்ட கொடுங்க. செங்கலை மட்டும் நீங்களே எடுத்துடுங்க. அதுக்கு யார் பெர்மிஷனும் வேண்டாம்!