தலையசைவு போகும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நமக்கு அருகில் உள்ளது திருவனந்தபுரம்தான். ஆயினும், நாகர்கோவிலில் கணினி முன் அமர்ந்தபடி, குமரிமுனையிலிருந்து கரையோரமாகப் பறந்து அங்கே தரையிறங்குவது என் பொழுதுபோக்கு. தென்கிழக்கிலிருந்து செல்லும் நமக்கு 32 என்று எண்ணிட்ட ஓடுபாதை நேரே அமையும். காற்று மாறினால் அதே பாதையில் மறுமுனையிலிருந்து, அதாவது 14-இல், இறங்க வேண்டும். நிலையத்தைத் தாண்டிச் சென்று திரும்பும்போது, ஓடுபாதை தோளுக்குப் பின்னால் இருக்கும். தலையைத் திருப்பாமல் அதைப் பார்க்க இயலாது.

தலையசைவைக் கண்காணிக்கும் மென்பொருள் இதற்குத்தான் பயன்படுகிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் ‘ஓப்பன்டிராக்’ சாதாரண வெப்கேம் வழியாக முகத்தைப் பார்த்து ஆறு எண்களைக் கணக்கிடும். மூன்று எண்கள் தலை திரும்பிய, நிமிர்ந்த, சாய்ந்த கோணங்கள். மற்ற மூன்று, தலை நகர்ந்த தூரம். இந்த எண்களை விளையாட்டிடம் எவ்வழியில் ஒப்படைப்பது என்று மென்பொருள் ஒரு பட்டியலை நீட்டும். பலர் திகைத்து நிற்பது அங்கேதான். நம் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை; வாங்கிக்கொள்ளும் மென்பொருளுக்கு எது புரியுமோ, அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸ் விளையாட்டுகள் பலவற்றுக்குத் தெரிந்தது ‘டிராக்ஐஆர்’ என்னும் வணிகக் கருவியின் மொழி. பட்டியலில் உள்ள ‘ஃப்ரீடிராக்’ அந்த மொழியையும் பேசும். ஒரே கணினிக்குள், நினைவகத்தின் பொதுவான ஒரு பகுதியில் எண்களை எழுதி வைக்கும்; விளையாட்டு எடுத்துக்கொள்ளும். பின்னாளில் சில விளையாட்டுகளுக்கான தரவை அந்த வணிக நிறுவனம் குறியாக்கம் செய்தது. ஒரு நிறுவனத்தின் கருவிக்கு மட்டும் கதவு வைத்துக் கட்டிய வீட்டில் இது நடக்கக்கூடியதே. மைக்ரோசாஃப்டின் விமான சிமுலேட்டருக்கு ‘சிம்கனெக்ட்’ என்ற தனி வழி உண்டு. தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘ஃப்ளைட்கியர்’ வலையமைப்பு வழியாகவே எண்களை வாங்கிக்கொள்கிறது.

வலையமைப்பு வழிக்கு ‘யுடிபி’ என்று பெயர். சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுபவர் விலையைக் கூவிக்கொண்டே போவார். ஒரு விலை காதில் விழாவிட்டால் அவரை நிறுத்திக் கேட்பவர் யாருமில்லை, அடுத்தது வந்துவிடும். யுடிபியும் அப்படித்தான். தலை ஒரு நொடிக்கு முன் எங்கே இருந்தது என்பதைத் தாமதமாக அறிவதில் பயனில்லை. கைப்பேசியின் கேமராவைக் கொண்டு கண்காணித்து, வைஃபை வழியே கணினிக்கு அனுப்பவும் இதுவே உதவும். இரு பக்கமும் ஒரே போர்ட் எண் இருக்க வேண்டும். ஓப்பன்டிராக்கில் அது வழக்கமாக 4242. முகவரி சரியாக இருந்தும் எதுவும் அசையவில்லையென்றால், விண்டோஸின் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்க்கலாம்.

பட்டியலின் கடைசி வழியாகக் கருதி விளையாட்டாளர்கள் ஒதுக்குவது, தலையசைவை மவுஸ் அசைவாக மாற்றும் முறை. ஆறு எண்களில் இரண்டே மிஞ்சும். சாய்வும் தூரமும் போய்விடும். ஆனால், எந்தச் சிறப்பு ஏற்பாடும் இல்லாத மென்பொருளுக்குக்கூட மவுஸ் புரியும். பனையும் தென்னையும் ஏறிப் பிழைத்த இம்மாவட்டத்தில், மரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, கைகால் அசைக்க முடியாமல் படுத்திருப்போர் உண்டு. அவர்களுக்குத் திரையில் ஓர் அம்புக்குறியை நகர்த்த முடிவது, வங்கிக் கணக்கைத் தாமே பார்ப்பதும் பேரனுக்குக் கடிதம் எழுதுவதும் ஆகும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும்போது, ஒரு வெப்கேமையும் இத்தகைய மென்பொருளையும் அமைத்துக் கொடுப்பது பெருஞ்செலவல்ல என்பது என் கருத்து.

அதற்கு ஓப்பன்டிராக்கைவிட, இந்நோக்கத்துக்காகவே எழுதப்பட்ட ‘ஐவியாகேம்’ என்னும் கட்டற்ற மென்பொருள் பொருத்தமானது. அம்புக்குறியைச் சிறிது நேரம் ஓரிடத்தில் நிறுத்தினால் அதுவே ‘கிளிக்’ செய்துகொள்ளும். ஓப்பன்டிராக்கின் மவுஸ் வழி அம்புக்குறியை நகர்த்துவதோடு நின்றுவிடுகிறது. பார்வையை மீண்டும் நடுவில் கொண்டுவரவும் ஒரு விசையைத்தான் அழுத்தச் சொல்கிறது.