முதற் கப்பற் பிரயாணம்

அப்புத்தளை வளைவுகளில் பஸ் திரும்பும்போதே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பவர் நாம். நீரிழிவுள்ள அன்னையாருடன் கடல் கடக்கத் துணியலாமா? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் ஊவாத் தோட்டங்களை விட்டுத் தலைமன்னாரிற் கப்பலேறியோருள் அவர் தமக்கையாரும் ஒருவர். இப்போது திருச்சிக்கு அருகில் வாழும் அவரைக் காணவேண்டும். அதுவும் கப்பலிலேயே செல்லவேண்டுமாம்!

தலைமன்னார்ச் சேவை 1984இல் நின்றது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்திற்கும் இடையே 2023 ஒக்டோபரில் புதிய சேவை தொடங்கிற்று. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பிரயாணம். முதன்முறை செல்வோர்க்குப் பல நாள் உல்லாசக் கப்பலினும் இதுவே உகந்தது. வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் கடல் கொந்தளிக்கும், சேவையும் தடைப்படும்.

உட்செவி அசைவை உணர, கண்ணோ அசையாச் சுவரைக் காண்பதால் விளையும் குழப்பமே கடல்நோய். கப்பலின் நடுவே, கீழ்த்தட்டில் ஆட்டம் குறைவு. அங்கே சாளரத்தருகே அமர்ந்து தொடுவானை நோக்குதல் நன்று. மாத்திரையைப் புறப்படுமுன்னரே உட்கொள்ளவேண்டும். குமட்டல் தொடங்கியபின் பெரும்பயன் இல்லை.

நமக்கிருந்த அச்சம் வேறு. இன்சுலின் ஏற்றியபின் உண்ட உணவு வாந்தியாய் வெளிப்படின் இரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம். ஆதலால் பயணச்சீட்டுக்கு முன் வைத்தியரையே நாடினோம். அவர் தடுக்கவில்லை, அன்றைய ஊசியின் அளவையும் நேரத்தையும் எழுதித் தந்தார்.

சித்திரை விடுமுறையிற் செல்ல எண்ணியுள்ளோம். தமக்கையாருக்கெனத் தேயிலைப் பொட்டலம் இப்போதே கட்டியாயிற்று.