மாட்டு மருவும் மலைப் பெரணியும்

கறவை மாடு வளர்த்தவர்களுக்கு மரு புதிதல்ல. கன்றின் முகத்திலும் கழுத்திலும், பசுவின் காம்பிலும் காலிபிளவர் பூப்போல் கொத்துக் கொத்தாகத் தோன்றும். மயிரால் இறுகக் கட்டி விழச் செய்வது அந்நாளைய கைவைத்தியம். இதற்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமி. தோலில் கீறல் இருந்தால்தான் அது உள்ளே புகும். முள்வேலி, மூக்கணாங்கயிறு, கறப்பவர் கை ஆகியவையே அதற்கு வழி. பெரும்பாலும் இளங்கன்றுகளையே பிடிக்கும். பல மாதங்களில், சில வேளை ஓராண்டில், தானே உதிர்ந்துவிடும். மாட்டு மரு மனிதருக்குத் தொற்றாது. ஆகவே பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் எல்லா மருவும் உதிர்வதில்லை. ஸ்காட்லாந்து மலைப்பகுதி மாடுகளின் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் கிளாஸ்கோ கால்நடை நிபுணர் வில்லியம் ஜாரெட்டும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டனர். அம்மாடுகளின் வாயிலும் தொண்டையிலும் மருக்கள் இருந்தன. அவை மேய்ந்த மலையிலோ பிராக்கன் எனும் பெரணிச் செடி அடர்ந்திருந்தது. வைரஸ் மட்டும் இருந்தால் மரு வந்து போகும். பெரணியைத் தொடர்ந்து தின்ற மாட்டுக்கோ நோய் எதிர்ப்புச் சக்தி குன்றும். மரு உதிராமல் நிலைக்கும். அதன்மேல் செடியிலுள்ள நஞ்சும் சேர்ந்து அதைப் புற்றாக்கிவிடும். விந்தை என்னவென்றால், புற்று முற்றிய பிறகு தேடினால் அங்கே வைரஸைக் காண்பது அரிது. தீ வைத்தவன் ஓடிவிட்ட கதைதான்!

அதே பெரணி சிறுநீர்ப்பையையும் கெடுக்கிறது. அங்கே துணை நிற்பது இந்த வைரஸின் வேறு வகை. மாடு இரத்தம் கலந்து சிறுநீர் கழிக்கும். நாளடைவில் மெலிந்து சாகும். நம் நீலகிரி மலை மாடுகளிடமும் இந்நோய் உண்டு. பெரணியின் நஞ்சாகிய தாக்குவிலோசைடு பாலிலும் கலக்கிறது என்பதால், பெரணி மண்டிய நிலத்தில் மாட்டை மேய விடாதிருப்பது பால் குடிப்பவர்க்கும் நல்லது. கோடையில் புல் காய்ந்து பெரணி மட்டும் பச்சையாய் நிற்கும் காலத்தில்தான் மாடு அதில் வாய் வைக்கும். அப்போது வைக்கோல் போட்டாவது காக்க வேண்டும்.

நம் இல்லத்துப் பெண்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. மனிதரைத் தொற்றும் பாப்பிலோமா வேறு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அதுவே காரணம் என நிறுவிய ஹாரால்ட் ஸூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அதைத் தடுக்கும் ஊசிக்கு மாட்டு வைரஸும் வழிகாட்டியது. உள்ளீடற்ற வெறும் கூட்டை மட்டும் செய்து செலுத்தினாலே உடல் எதிர்ப்புச் சக்தியைப் பெறுகிறது என்பதை, அமெரிக்காவில் ஷில்லரும் லோவியும் 1992-இல் மாட்டு வைரஸின் கூட்டைக் கொண்டே காட்டினர். ஊசி 2006-இல் வந்தது. மலேசியப் பள்ளிகளில் 13 வயதுச் சிறுமியருக்கு 2010-இலும், சிங்கப்பூரில் உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவியருக்கு 2019-இலும் இத்திட்டம் தொடங்கிற்று. பள்ளியிலிருந்து அனுமதிப் படிவம் வந்தால், அஞ்சி ஒதுக்கிவிடாமல் பெற்றோர் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.