புதிய கைப்பேசியும் புரியாத கட்டணமும்

கொடுமுடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய்ப் பருப்பு ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உழவர் ஒருவர் தம் மூட்டையை எடை மேடையில் வைத்ததும் அவருடைய பார்வை எங்கே போகிறது? எடையைக் காட்டும் எண்ணின் மீதுதான். மூட்டை அவருடையது, எடை மேடை அவருடையதன்று. ஆனாலும் எண் கண்ணெதிரே தெரிகிறது. ஐயம் தோன்றினால், “இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்” என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

கைப்பேசிக்காக நாம் வாங்கும் ‘டேட்டா’வும் அளந்து விற்கப்படும் பண்டமே. ஆனால் அதன் எடை மேடை நம் கண்ணில் படுவதில்லை. பழைய கைப்பேசியை மாற்றிப் புதிய ஸ்மார்ட்போன் வாங்கிய சில வாரங்களில், வழக்கத்தைப்போலப் பல மடங்கு கட்டணம் வந்து சேர்வதுண்டு. “கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்பார் வீட்டில் ஒருவர். “பையன்தான் எதையோ பார்த்துத் தீர்த்துவிட்டான்” என்பார் மற்றொருவர். இரண்டுமே ஆராயாமல் சொல்லும் தீர்ப்புகள். கட்டணம் என்பது ஓர் அளவீடு. எந்த அளவீட்டையும் சரிபார்க்க முடியும். அதை எவ்வாறு சரிபார்ப்பது, பிழை இருந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றை இங்கே காண்போம்.

எதை அளக்கிறார்கள்? எங்கே அளக்கிறார்கள்?

எழுத்தாயினும் படமாயினும் பாட்டாயினும், கைப்பேசிக்குள் அது 0, 1 என்ற இரண்டு குறிகளின் வரிசையாகவே இருக்கிறது. இக்குறி ஒவ்வொன்றும் ஒரு ‘பிட்’. 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு ‘பைட்’. 1,024 பைட்டுகள் ஒரு கிலோபைட். 1,024 கிலோபைட்டுகள் ஒரு மெகாபைட். 1,024 மெகாபைட்டுகள் ஒரு ஜிகாபைட். இவைதாம் டேட்டாவை அளக்கும் படியும் மரக்காலும்.

நீங்கள் ஒரு படத்தைத் தருவிக்கும்போது அது முழுதாக வருவதில்லை. ஏறத்தாழ 1,500 பைட் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும், எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்பது போன்ற விவரங்கள் உண்டு. இவை மட்டுமே 40 பைட் அளவுக்கு இடம் பிடிக்கும். ஆகவே ஒரு கோப்பைத் தருவிக்கும்போது அதன் அளவைவிடக் கிட்டத்தட்ட 3 விழுக்காடு கூடுதலாக டேட்டா செலவாகிறது. சாக்கின் எடையையும் சேர்த்து நிறுப்பதைப் போன்றது இது.

இந்தப் பொட்டலங்கள் ஊரிலுள்ள செல்போன் கோபுரத்தைத் தாண்டி, நிறுவனத்தின் நுழைவாயில் கணிப்பொறி ஒன்றின் வழியாகத்தான் இணையத்துக்குப் போகின்றன, வருகின்றன. அக்கணிப்பொறியே, எந்த சிம் அட்டைக்கு எத்தனை பைட் என்று எண்ணிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புகிறது. நாம் காணமுடியாத எடை மேடை அதுதான். படம் திரையில் தெரிந்ததா, அதை நாம் பார்த்தோமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கடந்து சென்ற பைட்டுகளை மட்டுமே அது அறியும்.

பழைய பழக்கம், புதிய கருவி

கொடுமுடி வட்டாரத்து மாணவர்களுக்குக் காலிங்கராயன் வாய்க்கால் தெரிந்திருக்கும். மடையைத் திறந்துவிட்டால், வயலில் ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் நீர் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். புதிய ஸ்மார்ட்போனில் திறந்திருக்கும் மடைகள் பல. அவற்றை நாமாகத் திறந்ததாக நமக்கு நினைவிருக்காது.

முதலாவது, கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. இதற்குச் சில நூறு மெகாபைட் தொடங்கிச் சில ஜிகாபைட் வரை தேவைப்படலாம். இரண்டாவது, பழைய கைப்பேசியில் இருந்த செயலிகளெல்லாம் மீண்டும் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. மூன்றாவது, எடுத்த படங்களை வெளியிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பும் வேலை, நாம் உறங்கும்போதும் நடக்கிறது. நான்காவது, திரை கூர்மையாக இருப்பதால் காணொளியும் உயர்ந்த தரத்தில் ஓடுகிறது. குறைந்த தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 0.3 ஜிகாபைட் அளவில் முடியும் திரைப்படம், உயர் தரத்தில் 3 ஜிகாபைட் வரை இழுக்கும். பார்த்த நேரம் ஒன்றே. செலவோ 10 மடங்கு!

ஐந்தாவது சற்று வியப்பானது. 2015 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி மென்பொருளின் 9-ஆம் பதிப்பை வெளியிட்டது. வீட்டிலுள்ள வைஃபை தொடர்பு வலுவிழந்தால், தானாகவே கைப்பேசி டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. அவ்வசதி தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது. வைஃபையில்தான் பார்க்கிறோம் என்று நம்பியிருந்தவர்களுக்கு டேட்டா கரைந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அந்நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடரப்பட்டது.

பழைய கைப்பேசியில் நாம் அடைத்து வைத்திருந்த மடைகள் புதிய கருவியில் மீண்டும் திறந்திருக்கக்கூடும் என்பதை இவற்றிலிருந்து அறிகிறோம் அல்லவா?

ஒரு சிறு கணக்கு

இனி விலைக்கு வருவோம். ஏறத்தாழ 2010-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், தனி டேட்டா திட்டம் எதுவும் வாங்காதவர்களுக்கு 10 கிலோபைட்டுக்கு 10 பைசா என்ற விகிதம் நம் நாட்டில் பரவலாக இருந்தது. கேட்பதற்கு அற்பத் தொகை. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு மெகாபைட்டுக்கு 10 ரூபாய் 24 காசு ஆகிறது. ஒவ்வொன்றும் 60 மெகாபைட் கொண்ட 30 செயலிகளை இறக்கினால் 1,800 மெகாபைட். அந்த விகிதத்தில் அதன் விலை 18,432 ரூபாய்!

இன்று சில போஸ்ட்பெய்டு திட்டங்களில், வாங்கிய அளவைத் தாண்டினால் ஒரு மெகாபைட்டுக்கு 2 பைசா வசூலிக்கிறார்கள். அதே 1,800 மெகாபைட்டுக்கு 36 ரூபாய்தான். பழைய விகிதம் இதைப்போல 512 மடங்கு. ஆகவே, கட்டணத் தாளில் முதலில் பார்க்கவேண்டியது எத்தனை டேட்டா செலவாயிற்று என்பதை மட்டுமன்று. எந்த விகிதத்தில் கணக்கிட்டார்கள் என்பதையும்தான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது ‘முழுமையாக்கல்’. அளவின் அலகு 10 கிலோபைட் என்றால், 1 கிலோபைட் சென்றாலும் 10 கிலோபைட்டுக்குரிய விலை விழும். ஒரு செயலி 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 கிலோபைட் அனுப்புகிறது என்று கொள்வோம். ஒரு நாளில் 288 முறை. ஒவ்வொரு முறையையும் தனித் தொடர்பாகக் கணக்கிட்டால், அந்தப் பழைய விகிதத்தில் 28 ரூபாய் 80 காசு. மொத்தமாகக் கூட்டிப் பிறகு முழுமையாக்கினால் 2 ரூபாய் 90 காசு. சென்ற டேட்டா ஒன்றுதான். கணக்கிடும் முறை மாறியதால் விலை ஏறத்தாழ 10 மடங்கு மாறிவிட்டது.

இன்று பெரும்பாலான பிரீபெய்டு திட்டங்களில் அன்றைய அளவு தீர்ந்தபின் கட்டணம் ஏறுவதில்லை, வேகம்தான் குறைக்கப்படுகிறது. எனவே எதிர்பாராத கட்டணம் இன்று வருவது பெரும்பாலும் போஸ்ட்பெய்டு இணைப்பிலும், வெளிநாட்டுப் பயணத்திலும், கேட்காமலே சேர்ந்துகொள்ளும் பாட்டு, விளையாட்டு போன்ற கூடுதல் சேவைகளிலும்தான்.

நம் கையில் ஓர் அளவுகோல்

நிறுவனத்தின் எடை மேடையை நாம் காணமுடியாது என்றோம். ஆயினும் நம் கைப்பேசியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அமைப்புகள் பகுதியில் ‘டேட்டா பயன்பாடு’ என்பதைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு செலவழித்தது என்று பட்டியல் தெரியும். நாம் பார்க்காத வேளையில் பின்னணியில் செலவானது எவ்வளவு என்பதையும் பல கைப்பேசிகள் தனியாகக் காட்டும். பழி யார்மேல் என்ற வழக்கு வீட்டிலேயே பெரும்பாலும் இங்கு முடிந்துவிடும்.

இதை நிறுவனத்தின் கணக்கோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல கைப்பேசிகள் மாதத்தின் முதல் நாளிலிருந்து எண்ணும்; கட்டணச் சுற்றோ 8-ஆம் தேதியோ 15-ஆம் தேதியோ தொடங்கலாம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். மாத நடுவில் கருவி மாறியிருந்தால், பழைய கருவியின் கணக்கையும் கூட்ட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு எண்களும் அப்படியே ஒத்துப்போகமாட்டா. சிறு வேறுபாடு இயல்பு. ஆனால் கைப்பேசி 2 ஜிகாபைட் என்று காட்ட, கட்டணத் தாள் 9 ஜிகாபைட் என்று சொன்னால், அது விளக்கம் கேட்கவேண்டிய வேறுபாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

1997-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தை ‘டிராய்’ என்று சுருக்கமாகச் சொல்வர். 2015-ஆம் ஆண்டில் அது கொணர்ந்த திருத்தத்தின்படி, வாங்கிய டேட்டாவில் 50, 90, 100 விழுக்காடு தீரும்போது நிறுவனம் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். வாடிக்கையாளரின் வெளிப்படையான இசைவின்றி டேட்டா சேவையைத் தொடங்கக்கூடாது. சேவையைத் தொடங்கவும் நிறுத்தவும் 1925 என்ற கட்டணமில்லா எண் ஏற்படுத்தப்பட்டது. கூடுதல் சேவைகளுக்கு இரண்டு முறை இசைவு பெறவேண்டும் என்று 2013-இல் ஆணையிடப்பட்டது. அவற்றை நிறுத்த 155223 என்ற எண் உள்ளது.

பிரீபெய்டு இணைப்பு வைத்திருப்பவர், கடந்த 6 மாதத்துக்குட்பட்ட தம் பயன்பாட்டு விவரத்தை இனவாரியாகக் கேட்டுப் பெறலாம். இதற்கு நிறுவனம் 50 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. வழக்காடுபவருக்கு இத்தாள் ஒரு நல்ல சான்று.

முறையீட்டின் படிகள்

முதற்படி, 198 என்ற எண்ணில் நிறுவனத்தின் புகார் மையத்தை அழைப்பது. அங்கே அவர்கள் தரும் புகார் எண்ணை மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாத புகார், ரசீது இல்லாத கொள்முதலைப் போன்றது. “கட்டணம் அதிகம்” என்று மட்டும் சொல்லாமல், “இந்தத் தேதியில் இத்தனை மெகாபைட் என்று காட்டுகிறீர்கள், என் கைப்பேசியில் இவ்வளவுதான் உள்ளது, எச்சரிக்கைச் செய்தி வரவில்லை” என்று எண்களோடு சொல்வதே பயன் தரும்.

அங்கு நிறைவான விடை கிடைக்காவிட்டால், இரண்டாம் படியாக அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். டிராய் ஆணையம் விதிகளை வகுக்குமே தவிர, தனியொருவரின் புகாரைத் தானே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாது என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாம் படி, நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். கொடுமுடிக்காரர்கள் ஈரோட்டுக்குப் போனால் போதும். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ தில்லியிலோ இருந்தாலும் கவலையில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு நீதிக் கட்டணமும் இல்லை. நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். வழிகாட்டல் வேண்டுவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இந்த மூன்றாம் படி எளிதில் கிடைத்ததன்று. கைப்பேசிக் கட்டண வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்க முடியாது என்ற நிலை, 2009-இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஏற்பட்டிருந்தது. அகமதாபாத்தில் ஒருவருக்குச் சராசரி மாதக் கட்டணம் 555 ரூபாய்; அவருக்குரிய கடன் வரம்பு 2,300 ரூபாய். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான ஒரு மாதத்துக்கு அவருக்கு வந்த கட்டணமோ 24,609 ரூபாய் 51 காசு! வழக்கத்தைப்போல 44 மடங்கு. அவர் 2014 மே மாதம் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். “இம்மன்றத்துக்கு அதிகாரமில்லை” என்று நிறுவனம் வாதிட்டது. வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2022 பிப்ரவரி 16 அன்று, நுகர்வோர் மன்றங்கள் இத்தகைய வழக்குகளை விசாரிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. கட்டணம் சரியா தவறா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. கேள்வி கேட்க ஓர் இடம் உண்டு என்பதையே அது உறுதிசெய்தது. ஆனால் அந்த இடத்தால் பயனடையப் போகிறவர்கள் நாட்டிலுள்ள கைப்பேசி வாடிக்கையாளர் அனைவரும் அல்லவா?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் கட்டணத் தாளில் சுற்று தொடங்கும் தேதியைப் பார்த்து, அதே தேதியைக் கைப்பேசியின் டேட்டா பயன்பாட்டுப் பகுதியில் அமையுங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்திகள் வரையுங்கள்: தேதி, கைப்பேசி காட்டும் மெகாபைட், அதிகம் செலவழித்த செயலி, நிறுவனம் அனுப்பிய செய்தி. ஒவ்வோர் இரவும் ஒரு வரி எழுதுங்கள். மாத முடிவில் உங்கள் கூட்டுத்தொகையை நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபாடு எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள். வீட்டில் யாரேனும் புதிய கைப்பேசி வாங்கும் மாதமாக அது அமைந்தால் இன்னும் நல்லது. எந்த மடை திறந்திருந்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால், உங்கள் பெற்றோர் 198-ஐ அழைக்கும்போது அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.