விரைவுச் சாலையில் மின்சார வண்டிகள்: பேத்தமங்களாவுக்கு என்ன கிடைக்கும்?

தங்கவயல் மக்களுக்குப் பேத்தமங்களா என்றால் தண்ணீர். பாலாற்றை இங்கே தேக்கி, அந்த நீரை ஏற்றி அனுப்பித்தான் சுரங்கங்களும் லைன் வீடுகளும் பல தலைமுறை பிழைத்தன. இப்போது இவ்வூரின் பெயர் வேறொரு காரியத்தில் அடிபடுகிறது. பெங்களூர்–சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதியில் மூன்றாவது பிரிவுக்குப் பெயரே பங்காருப்பேட்டை–பேத்தமங்களா.

சுமார் 262 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த நான்கு வழிச் சாலைக்கு 2022 மே 26 அன்று சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அப்போது அறிவித்த மதிப்பு ரூ.14,870 கோடி. ஒசகோட்டையில் தொடங்கும் கர்நாடகப் பகுதி சுமார் 71 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் அதில் வண்டிகள் ஓடத் தொடங்கின.

சாலை வந்துவிட்டது. மின்சாரக் கார்களும் பெருகி வருகின்றன. பெட்ரோல் போட பங்க் இருப்பதுபோல் இந்த வண்டிகளுக்கு சார்ஜ் ஏற்ற வழியில் நிலையங்கள் வேண்டும். அவற்றை எங்கே வைப்பது, யார் பணத்தில் வைப்பது, அதனால் சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன லாபம் என்பதே கேள்வி.

1902-ல் நடந்தது

மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுவரும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி தங்கவயலுக்குப் புதிதல்ல. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902 ஜூன் 30 அன்று கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. கம்பி வந்த தூரம் சுமார் 147 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் நகரத்துக்கே 1905-ல்தான் மின்விளக்கு கிடைத்தது.

திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் பொறியாளர் ஜோலி டி லோத்பினியர் தீட்டிய திட்டம் அது. மைசூர் அரசு துணிந்து பணம் போட்டதற்குக் காரணம் உண்டு. ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த சுரங்கங்கள் மின்சாரத்தை விலைக்கு வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்தன. வாங்குவோர் நிச்சயம் என்றதால் போட்ட பணமும் நிச்சயம் என்று ஆயிற்று.

சாலையோர சார்ஜிங் நிலையத்தின் கதை இதற்கு நேர் எதிர். வண்டிகள் குறைவு என்று நிலையம் வைக்கத் தயங்குகிறார்கள். நிலையம் இல்லை என்று வண்டி வாங்கத் தயங்குகிறார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அரசுப் பணம் தேவைப்படுகிறது.

செலவு எங்கே?

வீட்டில் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றுவதற்குச் சாதாரண இணைப்பே போதும். நெடுஞ்சாலையில் அது உதவாது. பயணி காபி குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிய வேண்டும். 60 கிலோவாட் சக்தியுள்ள வேகமான சார்ஜர் நான்கு வைத்தால் மொத்தம் 240 கிலோவாட். 5 குதிரைத்திறன் பம்புசெட்டுகள் அறுபதுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடுவதற்கு இது சமம். தக்காளித் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் கிராமத்து மின்பாதையில் இவ்வளவு சுமையைச் சட்டென்று ஏற்ற முடியாது. உயர் அழுத்தக் கம்பி, தனி டிரான்ஸ்பார்மர், மீட்டர், கட்டுமானம் எல்லாம் வேண்டும். ஒரு வண்டி வந்தாலும் நூறு வண்டி வந்தாலும் இந்தச் செலவு குறையாது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். நாளொன்றுக்கு மூன்று கார்கள் வந்து ஆளுக்கு 25 யூனிட் ஏற்றினால், விற்பது 75 யூனிட்தான். நான்கு சார்ஜர்களும் முழு வேகத்தில் ஓடினால் இருபது நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் வேலை இது. மீதி நேரம் முழுவதும் போட்ட முதல் சும்மா நிற்கும்.

அரசு தரும் பணம்

மத்திய மின்துறையின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல்படி நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் இருக்க வேண்டும். முன்பு இது 25 கிலோமீட்டராக இருந்தது. கனரக வண்டிகளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒன்று. இதன்படி 71 கிலோமீட்டருக்குப் பக்கத்துக்கு மூன்று நான்கு நிலையங்கள் வரவேண்டும். சார்ஜிங் நிலையம் நடத்த மின் விநியோக லைசென்சு தேவையில்லை என்று 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டார்கள்.

பணத்துக்கு முதலில் வந்தது பேம் திட்டம். அதன் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கியது. ஒதுக்கீடு ரூ.10,000 கோடி, அதில் சார்ஜிங் வசதிக்கு ரூ.1,000 கோடி. 2023 மார்ச்சில் மூன்று அரசு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு 7,432 நிலையங்கள் அமைக்க ரூ.800 கோடி ஒதுக்கினார்கள். பின்னர் 2024 அக்டோபர் 1 முதல் பி.எம். இ-டிரைவ் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் ரூ.10,900 கோடி, அதில் சார்ஜிங்குக்கு ரூ.2,000 கோடி. திட்டக் காலம் 2028 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

2025 செப்டம்பரில் வந்த விதிகளை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். அரசு அலுவலகம், ஆஸ்பத்திரி போன்ற அரசு இடங்களில், பொதுமக்கள் தடையின்றி வந்து பயன்படுத்தும்படி நிலையம் வைத்தால் கம்பி, டிரான்ஸ்பார்மர் செலவும் சார்ஜர் விலையும் முழுவதுமாகக் கிடைக்கும். ரயில் நிலையம், பஸ் நிலையம், எண்ணெய்க் கம்பெனி பங்க், சுங்கச்சாவடி போன்ற இடங்களில் கம்பி, டிரான்ஸ்பார்மருக்கு 80 சதவீதம், சார்ஜருக்கு 70 சதவீதம். மற்ற இடங்களில் கம்பி, டிரான்ஸ்பார்மர் செலவில் மட்டும் 80 சதவீதம்.

ஊருக்கு வெளியே போகும் லாபம்

சிக்கல் ஒன்று இருக்கிறது. விரைவுச் சாலை வேலி போட்ட சாலை. குறித்த இடங்களில் மட்டுமே ஏறலாம், இறங்கலாம். இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அங்கே இடமில்லை. நிலையங்கள் அந்த வேலிக்குள்ளேயே அமைந்தால், காரில் போகிறவர் அங்கேயே சார்ஜ் ஏற்றி, அங்கேயே சாப்பிட்டுப் போய்விடுவார். பேத்தமங்களா பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கும். உள்ளூர் ஆட்டோக்காரருக்கும் மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கும் ஒரு பயனும் இராது.

பாரத் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டபின் தங்கவயலில் வேலைக்கு வழி குறைந்தது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் ரயிலேறி ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கார் நிற்கும் அரைமணி நேரம் டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் வியாபாரம். பழுது பார்க்கத் தெரிந்த பையன்களுக்கு வேலை. அந்த அரைமணி நேரம் ஊருக்குள் வருமா, வேலிக்குள் முடியுமா என்பது சின்ன விஷயம் அல்ல.

செய்யக்கூடியது

2017-லேயே மின்சார வண்டிக் கொள்கை வகுத்த மாநிலம் கர்நாடகம். பொது நிலையங்கள் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தாலும் பெரும்பகுதி பெங்களூர் நகரைச் சுற்றியே இருக்கிறது. மாநிலத்தில் இந்தப் பணிக்குப் பொறுப்பு பெஸ்காம். கோலார் மாவட்டமும் அதன் எல்லைக்குள் வருகிறது. மத்திய மானியத்துக்கு மாநிலம்தான் இடங்களைத் தொகுத்து அனுப்ப வேண்டும். கேட்காத ஊருக்குத் தானாக வராது.

ஆகவே உள்ளாட்சி மன்றமும் வியாபாரிகளும் சேர்ந்து இடத்தைக் காட்டலாம். சாலையிலிருந்து இறங்கும் இடத்துக்கு அருகே அரசு நிலம், பஸ் நிலையம், தங்கவயலின் ரயில் நிலைய வாசல்கள் எல்லாம் பொருத்தமானவை. அரசு நிலத்தைக் கொடுத்தால் விற்கும் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் பங்கு பெறவும் வழிகாட்டுதலில் இடம் உண்டு. முதலில் தொகை சொற்பம்தான். வண்டி பெருகப் பெருக அதுவும் பெருகும்.

காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் மிகுந்த நேரத்தில், சார்ஜிங் நிலையங்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்றும் மத்திய வழிகாட்டுதல் சொல்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத கோலார் சீமைக்கு இது சாதகம். காலையில் பெங்களூரில் புறப்படுகிற கார் இந்த நேரத்தில்தான் நம் ஊரைக் கடக்கும்.

2028 மார்ச்சுக்குள் மனு, இடத் தேர்வு, டெண்டர், மின் இணைப்பு எல்லாம் முடிந்தாக வேண்டும். சட்டமன்ற உறுப்பினரும் பெஸ்காம் அதிகாரிகளும் இடத்தைப் பார்வையிட்டு, பேத்தமங்களாவையும் தங்கவயலையும் மாநிலப் பட்டியலில் சேர்க்க ஆவன செய்ய வேண்டும்.