மலையில் குளிர் கொல்வது எப்படி?

1936ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள். தென்மேற்கு ஜெர்மனியிலுள்ள பிரைபர்க் நகரிலிருந்து காலை ஒன்பது மணியளவில் 27 ஆங்கிலச் சிறுவர்கள் மலைநடைக்குப் புறப்பட்டனர். இலண்டன் ஸ்டிராண்டு பள்ளி மாணவர்கள் அவர்கள். வயது பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை. ஈஸ்டர் விடுமுறையில் நண்பர்களாகச் சேர்ந்து, இளைஞர் விடுதிகளில் தங்கி, கருங்காடு என்று பெயர் பெற்ற மலைப்பகுதியைக் கால்நடையாகவே சுற்றிப் பார்ப்பது திட்டம். அவர்களுடன் வந்தவர் 27 வயதான ஓர் ஆசிரியர். அன்று அவர்கள் ஷௌயின்ஸ்லாண்டு என்னும் மலையைக் கடந்து அப்பாலுள்ள டோட்நவ்பர்க் என்னும் ஊரை அடைய வேண்டும்.

ஏப்ரல் என்பது அங்கே வசந்தம். பல சிறுவர்கள் மெல்லிய உடையில் இருந்தனர். சிலர் அரைக்கால் சட்டை அணிந்திருந்தனர். வழியில் பனி பொழியத் தொடங்கியது. எதிர்ப்பட்ட உள்ளூர் மக்கள் மேலே போக வேண்டாமென்று எச்சரித்தனர். குழு நடந்துகொண்டே இருந்தது. பிற்பகலில் பனிப்புயல் சூழ்ந்தது, பாதை மறைந்தது, முழங்காலைத் தாண்டிய பனியில் ஒவ்வோர் அடியையும் பிடுங்கி வைக்க வேண்டியதாயிற்று. தளர்ந்து விழுந்த சிறியவர்களைப் பெரியவர்கள் தாங்கி இழுத்துச் சென்றனர். மாலையில் ஹோஃப்ஸ்கிரண்டு என்னும் சிற்றூரின் தேவாலய மணியோசை காதில் விழ, அதைக் குறியாகக் கொண்டு முன்னே சென்ற சிலர் ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினர். ஊரார் விளக்குகளும் பனிச்சறுக்கு வண்டிகளும் எடுத்துக்கொண்டு இருளில் ஓடினர். ஊராரின் முயற்சியால் பெரும்பாலோர் பிழைத்தனர். ஐந்து சிறுவர்கள் இறந்தனர்.

அன்றைய நாஜி அரசு இந்தத் துயரத்தைத் தன் விளம்பரத்திற்குப் பயன்படுத்திக்கொண்டதும், அங்கே பெரிய நினைவுச் சின்னம் எழுப்பியதும் வரலாறு. நம் கேள்வி வேறு. ஷௌயின்ஸ்லாண்டு ஒன்றும் இமயமன்று. அதன் உயரம் 1284 மீட்டர்தான். நம் உதகமண்டலத்தைவிடப் பல நூறு மீட்டர் தாழ்ந்தது. துருவப் பகுதியின் கடுங்குளிரும் அங்கில்லை. அப்படியிருக்க, ஓடியாடும் வயதுச் சிறுவர்களை ஒரே பகலில் குளிர் எவ்வாறு கொன்றது?

முதலில் மலையைப் பார்ப்போம். காற்று மேலே செல்லச் செல்ல விரிந்து குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஆறரை டிகிரி சென்டிகிரேடு குறையும். பிரைபர்க் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் உள்ளது. எனவே மலையுச்சி நகரத்தைவிட ஆறு, ஏழு டிகிரி குளிர்ந்திருப்பது இயல்பே. நகரத்தில் ஆறு டிகிரியில் மழைத் தூறல் என்றால், மேலே அதே நேரத்தில் பனி. கீழே நின்று வானத்தைப் பார்த்து உடை தேர்ந்தெடுப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

உறைநிலையை ஒட்டிய இந்தக் குளிர்தான் மிகவும் சூழ்ச்சியானது. மைனஸ் இருபது டிகிரியில் பனி உலர்ந்த மாவு போலிருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். பூச்சிய டிகிரியிலோ அது உடலின் சூட்டில் உருகித் துணியை நனைக்கும். கம்பளி உடை நம்மைக் காப்பது கம்பளியால் அன்று. அதன் இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றால். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீரோ காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு கடத்தும். துணியின் இடைவெளிகளில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் உடை உடையாக இராது.

இத்துடன் ஆவியாதலும் சேர்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படி என்பது நமக்குத் தெரியும். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. நனைந்த சட்டையணிந்து காற்றில் நிற்கும் சிறுவன் ஒரு மண்பானைதான். ஒரு சிறு கணக்குப் போடலாம். தோலின் மேல் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். நாற்பது கிலோ எடையுள்ள சிறுவனின் உடல் முழுவதும் ஒரு டிகிரி குளிர 33,000 கலோரி வெளியேறினால் போதும். (இவை சிறு கலோரிகள், உணவுப் பட்டியலில் காண்பவை இவற்றைப் போல ஆயிரம் மடங்கு பெரியவை.) வகுத்துப் பாருங்கள்: சுமார் 57 கிராம் நீர். உடலே முழு வெப்பத்தையும் கொடுப்பதாகக் கொண்டால், அரைத் தம்ளருக்கும் குறைவான நீர் அவன் சட்டையிலிருந்து ஆவியானால் அவன் ஒரு டிகிரி குளிர்வான். நன்றாக நனைந்த பருத்திச் சட்டை ஒன்றில் இதைப்போலப் பல மடங்கு நீர் இருக்கும். உடல் புதிதாக வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால்தான் அவன் தாக்குப்பிடிக்கிறான்.

மூன்றாவது எதிரி காற்று. நம் தோலை ஒட்டி இளஞ்சூடான காற்றுப்படலம் ஒன்று எப்போதும் உண்டு. வீசும் காற்று அதை வாரிக்கொண்டு போய்விடும். உடல் மறுபடி சூடேற்ற வேண்டும். இதை முதலில் அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் இரு அமெரிக்கர்கள். அண்டார்க்டிகாவில் குளிர்காலத்தைக் கழித்தபோது, சிறு உருளைகளில் நீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய ஆகும் நேரத்தைக் குறித்தனர். அவர்களுடைய முடிவுகள் 1945இல் வெளியாயின. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் திருத்தியமைத்த வாய்பாட்டின்படி, பூச்சிய டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த முகம் மைனஸ் ஆறரை டிகிரியில் இருப்பது போல வெப்பத்தை இழக்கும். இது உலர்ந்த தோலுக்கான கணக்கு. நனைந்த தோலின் இழப்பு இதனினும் மிகுதி.

சிறியவர்கள் முதலில் வீழ்வதற்கும் காரணம் உண்டு. வெப்பம் உண்டாவது உடலின் பருமனில். வெளியேறுவது அதன் பரப்பில். சூடான அண்டாவும் சூடான கிண்ணமும் அருகருகே இருந்தால் எது முதலில் ஆறும்? எடையுடன் ஒப்பிட, பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தோற்பரப்பு வளர்ந்தவருடையதைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம். தோலடிக் கொழுப்பும் குறைவு.

இருந்தும், நடந்துகொண்டே இருப்பவன் அவ்வளவு எளிதில் குளிர்வதில்லை. மலையேறும்போது தசைகள் ஓய்வு நேரத்தைப் போலப் பல மடங்கு வெப்பத்தை வெளியிடும். அப்படியானால் நடந்தவர்களே இறப்பானேன்? இதற்கு விடை தேடியவர் கிரிஃபித் பியூ என்னும் ஆங்கில உடலியல் அறிஞர். 1953இல் எவரெஸ்டு வெற்றி பெற்ற குழுவில் உடலியல் ஆய்வாளராக இருந்தவர் அவர். 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் பீக் மாவட்ட மேட்டுநிலத்தில் இளைஞர்களுக்கான நெடுநடைப் போட்டி ஒன்று நடந்தது. தூரம் ஏறத்தாழ 45 மைல். மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. மூவர் மாண்டனர். பியூ அந்த மரணங்களை ஆராய்ந்தார். பின்னர் சோதனைச் சாலையில் ஆட்களை நனைந்த உடையுடன் செயற்கைக் காற்றில் உழைக்கச் செய்து அளந்தார். ஈரமும் காற்றும் உடலசைவும் ஒன்றுசேர்ந்தால் உடையின் காப்புத்திறனில் மிகப் பெரும் பகுதி போய்விடுகிறது என்று கண்டார். வேகமாக நடக்கும் வரை உடல் அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. களைத்து நடை தளர்ந்ததும் வெப்ப உற்பத்தி குறைகிறது, இழப்போ குறைவதில்லை. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் கதிதான். களைப்பு குளிரை வளர்க்கிறது. குளிர் களைப்பை வளர்க்கிறது.

ஆகவே இத்தகைய விபத்துகளில் 'குளிரால் இறந்தான்' என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. ஈரம், காற்று, களைப்பு மூன்றும் கூடிக் கொல்கின்றன. ஷௌயின்ஸ்லாண்டில் சிறுவர்கள் ஏறத்தாழ பத்து மணி நேரம் பனியில் போராடியிருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

இனி உடலுக்குள் நடப்பதைக் காண்போம். நம் உடலின் உள் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. குளிர் தாக்கியவுடன் தோலிலும் கைகால்களிலும் உள்ள குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல்கள் மரக்கின்றன, பொத்தான் போடவும் முடிவதில்லை. அடுத்து நடுக்கம். நடுக்கம் என்பது தசைகள் வேறெந்த வேலையும் செய்யாமல் வெப்பத்திற்காக மட்டுமே இயங்குவது. ஓய்விலுள்ள உடலின் வெப்பத்தை அது ஐந்து மடங்கு வரை உயர்த்த வல்லது. ஆனால் அதற்கு எரிபொருள் வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைக்கோஜனைப் பகல் முழுவதும் நடந்தே தீர்த்தவனுக்கு நடுங்கவும் வலுவிராது.

உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதையே மருத்துவர்கள் உடல் வெப்பத் தாழ்வு என்கின்றனர். இதில் மிகவும் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. இறங்கத் தொடங்கியவுடனே பாதிக்கப்படும் உறுப்புகளுள் மூளையும் ஒன்று. பேச்சு குழறுகிறது. கால் தடுக்குகிறது. காரணமின்றி எரிச்சல் வருகிறது, அல்லது யாரோடும் பேசாமல் பின்தங்குகிறான். கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்பான்; அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியவில்லை. கையுறை கீழே விழுந்தால் எடுக்க மாட்டான். 32 டிகிரிக்கு அருகில் நடுக்கம் நின்றுவிடும். உடனிருப்போர் 'தேறிவிட்டான்' என்று மகிழ்வதுண்டு; உண்மையில் உடல் போராட்டத்தைக் கைவிட்டுவிட்டது. சிலர் இந்நிலையில் உடம்பெல்லாம் எரிவதாகக் கூறி உடைகளைக் களைந்தெறிகின்றனர். குழாய்களைச் சுருக்கிப் பிடித்திருந்த தசைகள் சோர்ந்து, சூடான குருதி திடீரெனத் தோலுக்குப் பாய்வது இதற்குக் காரணமாகலாம் என்பர். 28 டிகிரிக்குக் கீழே இதயத்தின் துடிப்பே ஒழுங்கு தவறும்.

குளிர்பட்டவனுடைய அறிவை நம்ப முடியாது என்றால், வேறு யாருடைய அறிவை நம்புவது? உடன் நடக்கும் நண்பனுடையதைத்தான். இதனால்தான் மலைநடைக் குழுக்கள் இருவர் இருவராகப் பிரிந்து ஒருவர் மற்றவரைக் கண்காணிப்பதும், குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தையே குழுவின் வேகமாகக் கொள்வதும் வழக்கமாயின. பின்தங்கியவன் சோம்பேறி என்று கேலி செய்யும் குழு ஆபத்தான குழு. ஆசிரியரும் அதே காற்றில்தான் நிற்கிறார் என்பதையும் மறக்கலாகாது. அதனால் எத்தனை மணிக்குள் எந்த இடத்தை அடையாவிட்டால் திரும்புவது என்பதைக் காலையிலேயே, சூடான மூளையுடன் இருக்கும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

அந்த மணியோசை பற்றியும் ஒரு வார்த்தை. அடையாளம் தெரியாத இடத்தில் மனிதன் வட்டமிட்டு நடப்பான் என்ற பழைய பேச்சு மெய்தானா என்று ஜெர்மனியின் டியூபிங்கன் நகர ஆய்வாளர்கள் சோதித்து 2009இல் வெளியிட்டனர். காட்டிலும் பாலைவனத்திலும் மனிதர்களை நேராக நடக்கச் சொன்னார்கள். கதிரவனோ நிலவோ தெரிந்தவரை அவர்கள் ஓரளவு நேராகவே சென்றனர். அவை மறைந்தபோது, தாங்கள் நேராகச் செல்வதாகவே எண்ணிக்கொண்டு, தங்கள் தடத்தையே மறுபடி குறுக்கிட்டு வட்டமிட்டனர். வெளியிலிருந்து ஒரு நிலையான குறி இல்லாவிட்டால் நடையின் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும் போலும். பனிப்புயலில் கண்ணுக்குக் குறியில்லை. ஹோஃப்ஸ்கிரண்டில் அந்தக் குறி காது வழியே வந்தது.

குறி கிடைக்காதவர்களும் உண்டு. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெயர்ன்கார்ம் மேட்டில் எடின்பரோ பள்ளி மாணவர் குழு ஒன்று ஒரு சிறு புகலிடக் குடிசையை நோக்கிச் சென்றது. பனிப்புயலில் அதை அடைய முடியாமல் வெட்டவெளியில் தங்கியது. ஐந்து மாணவர்களும் பயிற்சியிலிருந்த வழிகாட்டி ஒருவரும் உயிரிழந்தனர். அதன்பின் பிரிட்டனில் மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்வோர்க்கான தகுதிகள் கடுமையாக்கப்பட்டன.

குளிர்பட்டவரைக் கண்டால் செய்ய வேண்டியவை எளியவை. ஆனால் நம் கைகள் இயல்பாகச் செய்யத் துடிப்பவற்றுள் பல தவறானவை. கைகால்களைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. அப்படித் தேய்ப்பதால் பயனில்லை. குளிர்ந்த இதயம் சிறு அதிர்ச்சியிலும் ஒழுங்கு தவறும். பிராந்தி கொடுப்பது அதனினும் கேடு. மது தோலின் குழாய்களை விரித்து, எஞ்சிய வெப்பத்தையும் வெளியேற்றும். நனைந்தவரை 'நட, நட' என்று விரட்டுவதும் வேண்டாம். காற்றுப்படாத இடத்தில் கிடத்தி, ஈர உடையை நீக்கி, உலர்ந்த போர்வையால் தலையையும் சேர்த்து மூட வேண்டும். அடியிலும் ஏதேனும் விரிக்க வேண்டும். தரை காற்றைவிட விரைவாக வெப்பத்தை உறிஞ்சும். மற்றொருவர் அதே போர்வைக்குள் ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம். நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால் சர்க்கரை கலந்த சூடான பானம் தரலாம்.

நாடித்துடிப்பு தெரியவில்லை என்பதற்காகக் கைவிடக் கூடாது. குளிர்ந்த மூளைக்கு வேண்டிய ஆக்சிஜன் மிகக் குறைவு. 1999இல் வடக்கு நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிக்கொண்ட இளம் பெண் மருத்துவர் ஒருவரை 80 நிமிடங்களுக்குப் பிறகே வெளியே எடுத்தனர். அவரது உடல் வெப்பநிலை 13.7 டிகிரி வரை இறங்கியிருந்தது, இதயம் நின்றிருந்தது. உடன் வந்த தோழர்கள் முதலுதவியை நிறுத்தவில்லை. டிராம்சோ மருத்துவமனையில் குருதியை உடலுக்கு வெளியே எடுத்துச் சூடாக்கிச் செலுத்தினர். இதயம் மீண்டும் துடித்தது. அவர் பிழைத்தெழுந்து, பின்னர் அதே மருத்துவமனையில் கதிர்வீச்சியல் மருத்துவராகப் பணியாற்றினார்.